முன்சக்கரத்து எலுமிச்சம்பழம்

காரின் முன்பக்கம் மாட்டிய புது டயருக்குப் பெருமை பிடிபடவில்லை, கடை வாசலில் கிடந்த பழைய டயரைப் பார்க்கும் வரை. அதன் வெளிப்பக்கம் நன்றாகத்தான் இருந்தது. உள்விளிம்போ மொட்டையாகத் தேய்ந்து, கம்பி வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

"அண்ணே, யார் உங்களை இப்படிக் கடிச்சுக் குதறினது?" என்று கேட்டது புது டயர்.

"யாரும் கடிக்கல தம்பி. சக்கரம் கோணலா நிக்குது. நான் ஓட்டத்துல வெடிக்காம தப்பிச்சதே பெரிசு. அதே இடத்துலதான் இப்ப உன்னை மாட்டியிருக்காங்க."

அதற்குள் கடைக்காரர், "சார், வண்டி ஒரு பக்கமா இழுக்குது. அலைன்மென்ட் பார்த்துடலாமே" என்றார்.

"அதான் டயர் புதுசு போட்டாச்சே! ராகு காலத்துக்கு முன்னாடி கிளம்பணும்" என்று சொல்லிப் பிள்ளைகளை வண்டியில் ஏற்றினார் கார்க்காரர் தணிகாசலம். மறக்காமல் புது டயரின் அடியில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தார்.

புது டயருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பார்த்தீங்களாண்ணே, பழம் வச்சுட்டாங்க! இனி எனக்கு ஒண்ணும் ஆகாது."

"எனக்கும் வச்சாங்க" என்றது பழைய டயர்.

வண்டி நகர்ந்தது. பழம் நசுங்கியது. உள்ளே பிள்ளைகள் கைதட்டினார்கள். புது டயருக்கு உள்விளிம்பு மட்டும் எரிய ஆரம்பித்தது.