பேரைச் சொன்னா திரும்பணும்

"நூட்டி!"

நான்காவது முறையாகக் கூப்பிட்டாயிற்று. தரையில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுப் பையன் திரும்பவில்லை. பொம்மை பஸ்ஸைத் தலைகீழாகப் பிடித்து, அதன் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தான்.

நர்ஸ் சிர்க்கா காகிதத்தில் ஏதோ குறித்தாள். எதிரே உட்கார்ந்திருந்த தார்மோ கழுத்தை நீட்டி அதை எட்டிப் பார்த்தான்.

தார்மோ, நூட்டியின் தாய்மாமன். பத்து மாதம் கப்பலில் இருந்துவிட்டு நேற்றுத்தான் பின்லாந்தின் தாம்பெரே நகருக்கு வந்து இறங்கியிருந்தான். அக்கா ஹெல்கா காய்ச்சலில் படுத்துவிட்டாள். ஆனால் குழந்தைகள் நல மையத்தில் ஆறு வாரம் காத்திருந்து வாங்கிய நேரத்தை விட அவளுக்கு மனமில்லை.

"மத்த பிள்ளைங்க கதை கதையா பேசுதுங்கடா. இவன் நாலு வார்த்தைதான் பேசறான். ஆட்டிசமா இருக்குமோன்னு பயமா இருக்கு. நீ போயிட்டு வந்து எதையும் மறைக்காம சொல்லு" என்று தம்பியை அனுப்பியிருந்தாள்.

அவனும் நேரே நூட்டியைப் பகலில் விடுகிற குழந்தைகள் காப்பகத்துக்குப் போனான். மைனஸ் ஒன்பது குளிரில், மூக்கு மட்டும் வெளியே தெரிய, பிள்ளைகள் வழக்கம்போல முற்றத்தில் தள்ளுவண்டிகளில் மதியத் தூக்கம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜன்னலுக்குள்ளிருந்து டீச்சர் வண்டிகள் பக்கம் கையைக் காட்டினாள். இவன் தலையை ஆட்டிவிட்டு வண்டியை உருட்டிக்கொண்டு வந்தான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இரண்டு பேரும் சும்மா இருந்துவிட்டார்கள். அந்த ஊர் மரியாதை அப்படி.

"நான் கூப்பிட்டுப் பார்க்கவா சிஸ்டர்?" என்று கேட்ட தார்மோ, புயலில் கப்பல் தளத்திலிருந்து இயந்திர அறைவரை கேட்கிற குரலில் "நூட்டீ!" என்றான். பக்கத்து அறையிலிருந்து ஒரு டாக்டர் எட்டிப் பார்த்தார். பையன் பார்க்கவில்லை.

சிர்க்கா அவன் முதுகுக்குப் பின்னால் போய் பிஸ்கட் பாக்கெட்டை மெதுவாகக் கிழித்தாள். பையன் சட்டென்று திரும்பிக் கையை நீட்டினான்.

"காது நல்லாவே கேட்குது. பேருக்குத்தான் திரும்ப மாட்டேங்கறான்" என்று இன்னொன்று குறித்தாள். "பேசறானா?"

"வர்ற வழியில முழிச்சு அழுதான் சிஸ்டர். நல்லா கணீர்னு அழுதான்."

"அது பேச்சுல சேராது தம்பி."

அடுத்து ஒரு பொம்மையையும் குட்டிக் கரண்டியையும் எடுத்து வந்தாள். "பாப்பாவுக்குப் பசிக்குதாம். நீ ஊட்டுறியா?" பையன் பொம்மையை மேசைக்கடியில் தள்ளினான். கொஞ்சம் யோசித்துவிட்டு, தானும் அங்கேயே போய் உட்கார்ந்துகொண்டான்.

தார்மோ மண்டியிட்டுக் குனிந்தான். "மாமாகிட்ட வாடா ராசா!" பையன் இன்னும் உள்ளே நகர்ந்தான்.

"உங்க முகத்தை ஏறெடுத்தே பார்க்க மாட்டேங்கறானே?"

"என் மூஞ்சியைப் பொதுவா யாரும் பார்க்கறதில்ல சிஸ்டர்."

திடீரென்று பையன் வெளியே வந்து கதவைச் சுட்டிக்காட்டினான். காட்டிவிட்டு சிர்க்காவின் முகத்தைப் பார்த்தான். மறுபடியும் கதவைக் காட்டினான்.

"ஆ! இது நல்ல விஷயம்" என்று சிர்க்கா நிமிர்ந்தாள். "ஒண்ணைக் காட்டிட்டு நம்ம முகத்தைப் பார்க்கறான் பாருங்க. நீயும் பாருன்னு கூப்பிடறான். இந்த வயசுல நாங்க முக்கியமா தேடறதே இதைத்தான்."

தார்மோவுக்கு அந்தக் கதவைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது.

பிறகு பையனைச் சுவரோரம் நிறுத்தி உயரம் பார்த்தாள். "எண்பத்துநாலு" என்று சொல்லிவிட்டுப் பழைய குறிப்பைப் புரட்டினாள். "ஒன்றரை வயசுல எண்பத்தாறா? சரிதான், எனக்கு முன்னாடி இருந்த மகராசி ஷூவோட அளந்திருப்பா!" தலையில் அடித்துக்கொண்டு புது எண்ணை எழுதினாள்.

கடைசியில் பேனாவை மூடி வைத்தாள்.

"இன்னைக்கே முடிவு சொல்ற சமாச்சாரம் இல்ல தம்பி இது. பேருக்குத் திரும்பலை, உங்ககிட்ட ஒட்டலை. ஆனா கை காட்டி முகம் பார்த்தான். டாக்டரும் பார்க்கட்டும். ஆட்டிசமாவே இருந்தாலும், சீக்கிரம் தெரிஞ்சா அவனுக்குத் தகுந்த மாதிரி நாம நடந்துக்கலாம். அக்காகிட்ட பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க."

காய்ச்சலோடு கிடப்பவளிடம் இதை எந்த வாயால் சொல்வது? கப்பல் வேலையை உதறிவிட்டு இங்கேயே இருந்துவிடலாமா என்றுகூட தார்மோ யோசித்தான். பையனைத் தூக்கி மடியில் இருத்திக்கொண்டான். அவன் நெளிந்தான், இவன் விடவில்லை.

"எது எப்படி இருந்தாலும் சரி சிஸ்டர், இவன் எங்க வீட்டுப் பிள்ளை. அதுல மாத்தமே இல்ல. அந்த மூக்கைப் பாருங்க, அச்சு அசல் எங்க அப்பா மூக்கு!"

சிர்க்காவுக்கே கண் கலங்கிவிட்டது.

அப்போது மேசை மேலிருந்த தொலைபேசி அலறியது. ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே மறு கையால் ஸ்பீக்கரை அழுத்தினாள். காப்பக டீச்சரின் குரல் பதறிக்கொண்டு வந்தது.

"நூட்டியோட மாமா அங்க இருக்காரா? நூட்டி இங்க உட்கார்ந்து கஞ்சி குடிச்சிட்டு இருக்கான்! வெய்க்காங்கற இன்னொரு பையனைத்தான் காணோம்! ஐயோ, வெய்க்கா எங்கே?"

மடியிலிருந்த பையன் சட்டென்று நிமிர்ந்தான். முகமெல்லாம் சிரிப்பாகக் கையை உயர்த்தினான்.

"இங்க இருக்கேன்!"