மார்கழிப் புழுக்கம்

“ஏம்மா இன்னைக்குக் கொல்லைல அடுப்பு வச்சுச் சமைக்கிற?” என்று ஐந்து வயது விக்னேஷ்குமார் ஒருநாள் கேட்டான்.

“உள்ள ஒரே புழுக்கமா இருக்கு அப்பு” என்றாள் ஜக்கம்மாள்.

அது மார்கழி மாதம்.

கூடத்தில் நாற்காலி மெத்தை தைத்துக்கொண்டிருந்த அப்துல் வாஹித்தின் காதில் அது விழுந்தது. அவருக்கு நோன்பு. அங்கே வேலை முடியும்வரை குழம்பு வாசனை கூடத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அதற்கு என்ன கைம்மாறு செய்வது என்று அவருக்கு அன்று தெரியவில்லை.

விக்னேஷ் வளர்ந்து, சம்பாதித்து, தாத்தா கட்டிய அந்தத் திண்டுக்கல் வீட்டைப் புதுப்பித்தபோது பேகம்பூரிலிருந்து அவரைத்தான் கூப்பிட்டான்.

கை படுகிற இடத்தில் இரும்பும் பிளாஸ்டிக்கும் ஆகாது என்று ஒரே பிடிவாதம். சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு. பழைய காவித் தரைக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்து மெருகு. தேக்கு அலமாரிகளுக்கு வாஹித் தைத்த தோல் பட்டைக் கைப்பிடி. பிடித்தால் இன்னொருவர் கையைப் பிடித்தது போல இதமாக இருந்தது.

பால் காய்ச்சுவதற்கு முதல் நாள், ஜக்கம்மாள் பூஜை அலமாரி முன் நின்றாள். கையை நீட்டினாள். சட்டென்று இழுத்துக்கொண்டு, முந்தானையால் பிடித்துத் திறந்தாள்.

அவசரத்தில் விக்னேஷ் சாமி கதவுக்கும் தோலையே மாட்டியிருந்தான்.

வாஹித் பார்ப்பதைக் கண்டதும் அவள் சிரித்தாள்.

“அம்புட்டும் லட்சணமா இருக்கு பாய்.”

மகன் சந்தோஷம் கெடக் கூடாது, பாய் மனசும் நோகக் கூடாது. இனி ஆயுசுக்கும் தன் அம்மனை அவள் முந்தானையால்தான் திறப்பாள். வாய்விட்டுச் சொல்ல மாட்டாள்.

சாயங்காலம் எல்லோரும் கோவிலுக்குக் கிளம்பிப் போனார்கள். வாஹித் கைகால் கழுவிக்கொண்டு வந்தார். பிரிக்காத பருத்தி நூல்கண்டைப் பிரித்து, தோல் பட்டையின் அதே அகலத்துக்கு இரண்டு பட்டை பின்னினார். தேயிலைச் சாயத்தில் முக்கியெடுத்துக் காயவைத்தார். நிறம் அப்படியே வந்தது.

பிஸ்மில்லாஹ் சொல்லி, அம்மன் கதவின் திருகாணியை முடுக்கினார்.

மறுநாள் காலை பால் பொங்கி வழிந்தது. வந்தவர்கள் கதவுகளைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். விக்னேஷுக்குத் தலைகால் புரியவில்லை.

ஜக்கம்மாள் பூஜை அலமாரியிடம் போனாள். குனிந்து, செத்த நேரம் பார்த்தாள். பிடித்திருந்த முந்தானையை விட்டாள். வெறுங்கையால் இரண்டு கதவையும் ஒரே இழுப்பில் அகலத் திறந்தாள்.

திரும்பிக் கூட்டத்தில் வாஹித்தைத் தேடினாள்.

அவர் வரவில்லை. வந்தால் அவள் நன்றி சொல்ல வேண்டியிருக்கும்.