இன்னும் ஒரு இழுப்பு

பிரசவத்துக்குக் காத்திருக்கும் மகளிடம் போக வேண்டிய ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கீழே டாக்ஸி மறுபடியும் ஹாரன் அடிக்கிறது. கல்லூரியில் தத்துவம் நடத்தும் கணவரோ, பூட்டிய கதவின் முன் குனிந்து பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கிறார். மாடிப்படி ஜன்னல் வழியாக வந்த வெயில் அவர் வழுக்கையில் பளபளக்கிறது. பெட்டியோடு நிற்கும் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "பூட்டியாச்சுங்க. நானும்தான் பாத்தேனே." "பாத்தே, சரி. நிச்சயமாத் தெரியுமா? கண்ணு ஏமாத்தும்." கல்யாணமான நாளிலிருந்து இதே கேள்விதான், அவளுடைய பிரியம்கூட அவர் பரீட்சையில் இன்னும் தேறவில்லை. அவர் கதவு நிலையில் காலை ஊன்றி, பலம் கொண்ட மட்டும் இழுக்கிறார். பூட்டு திறக்கவில்லை. நாதாங்கிதான் ஆணியோடு பெயர்ந்து கைக்கு வருகிறது. கதவு மெல்லத் திறந்துகொள்கிறது. அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அவர் கையில் நாதாங்கியோடு தொங்கும் பூட்டைப் பார்க்கிறாள். "பாருங்க, நல்லாத்தான் பூட்டியிருக்கு."