இருபத்து மூன்றாம் நம்பர்

"ஹெல்மெட்டோடவே பெருசு பண்ணிக் குடுங்கண்ணே."

அந்தப் பெண் நீட்டிய படத்தைப் பார்த்ததும் போட்டோக்காரருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவரே எடுத்த படம். மஞ்சள் ஹெல்மெட், நெற்றிக்கு மேலே 23 என்று நம்பர், வாயெல்லாம் பல்லாக ஒரு கொத்தனார்.

போன மாதம் சாரத்திலிருந்து செங்கல் தலையில் விழுந்து அந்தக் கொத்தனார் இறந்துபோனார். வந்து நிற்பது அவர் மனைவி.

ஹெல்மெட்டே தரவில்லை என்று கம்பெனி வாசலில் ஒற்றை ஆளாக நின்று சண்டை போட்டாளாம். அவர்கள் மறுபேச்சுப் பேசாமல் இந்தப் படத்தை எடுத்து நீட்டினார்களாம். கொடுத்தோம், உன் புருஷன்தான் போடவில்லை, தப்பு அவர்மேல்தான் என்று கையெழுத்துப் போட்டுக்கொடு என்கிறார்களாம்.

நாளைக்குப் போடப்போகிறாள்.

போட்டோக்காரர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் முகத்தைப் பார்க்கிற தெம்பு அவருக்கு இல்லை.

இந்தப் படம் எடுத்த அன்றைக்கு, மறுநாள் பாதுகாப்பு ஆய்வுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று கம்பெனியில் ஒரே அமளி. நாற்பது பேரும் ஹெல்மெட்டோடு படத்தில் இருக்க வேண்டும் என்றார் மேனேஜர். இருந்ததோ மேனேஜருடைய ஹெல்மெட் ஒன்றே ஒன்று.

ஒருத்தர் தலையிலிருந்து கழற்றி அடுத்தவர் தலையில் மாட்டி, மத்தியானத்துக்குள் நாற்பது பேரையும் எடுத்துத் தள்ளினார் போட்டோக்காரர். கொத்தனார் சிரித்ததே அந்தக் கூத்தைப் பார்த்துத்தான்.

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. எல்லாம் ஒரே ஹெல்மெட் என்று கண்டுபிடித்துவிடுவார்களே என்று, யாரும் கேட்காமலே இவருக்கு மூளை வேலை செய்தது. ஒன்றிலிருந்து நாற்பது வரை, படத்தில் ஆளுக்கொரு நம்பர் போட்டுவிட்டார். மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தபோது பூரித்துப்போனார், பாவி மனிதர்.

நம்பர் போடாத நாற்பது படங்களும் இதே கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. காட்டிவிடலாம். காட்டினால் அவள் கையெழுத்துப் போட மாட்டாள். கம்பெனியும் அப்புறம் இவரை வாசலில்கூட நிற்க விடாது.

மவுஸை அந்தப் படங்கள் பக்கம் நகர்த்தினார்.

"நான் நம்பவே இல்லண்ணே. அவரு நம்பரப் பாத்ததும்தான் வாயடைச்சுப் போச்சு. இருந்தும் போடாமப் போயிட்டாரேன்னு பிள்ளைங்க தெனமும் பாக்கணும். அந்த நம்பர் நல்லாத் தெரியுமில்ல?"

"தெரியும்மா" என்றார் போட்டோக்காரர்.