தெற்கு ஓரம்

கொம்பையா வரப்பு வெட்டினால் நூல் பிடித்த மாதிரி இருக்கும். அவன் அண்ணன் மாசானம் வெட்டின வரப்பு எங்காவது ஓர் இடத்தில் உடைத்துக்கொண்டு, தண்ணீர் அடுத்தவன் வயலுக்குப் போய்விடும். "ஏலே, மூத்தவன் நீதான, தம்பி கையப் பாத்துப் படிலே" என்று அப்பா ஊர் கேட்கச் சொல்லுவார். மாசானத்துக்கு வயிறெரியும். கொம்பையா பட்டாளத்துக்கு ரயிலேறிய அன்றைக்குத்தான் அவன் நிம்மதியாக ரெண்டு வாய் அதிகம் சாப்பிட்டான்.

பதினோரு வருஷம் கழித்துத் தம்பி பெட்டியில் வந்தான். எல்லையில் அவன் வெட்டிய பதுங்குகுழி, குண்டு விழுந்தும் சரியவில்லை என்றார் கூட வந்த அதிகாரி. உள்ளே இருந்த நாலு பேரும் பிழைத்துவிட்டார்கள். காவலுக்கு வெளியே நின்ற கொம்பையா மட்டும் போய்விட்டான். அப்பா அழுதுகொண்டே நிமிர்ந்து மாசானத்தைத்தான் பார்த்தார்.

குழி வெட்ட வந்த ஆட்களை மாசானம் திருப்பி அனுப்பினான். வயல் மேட்டில் நாலு முளையடித்து, நூல் கட்டி, விடிந்ததிலிருந்து தானே வெட்டினான். சிப்பாய்கள் பெட்டியைத் தோளில் சுமந்து வந்து நின்றபோது அப்பா குனிந்து குழியைப் பார்த்தார்.

"தெக்கு ஓரம் சரிஞ்சிருக்கு. கொம்பையா வெட்டியிருந்தாம்னா..."

துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"கொஞ்சம் பொறுங்க" என்று சிப்பாய்களிடம் சொல்லிவிட்டு, மாசானம் மண்வெட்டியோடு மறுபடியும் குழிக்குள் இறங்கினான். அவர்கள் தோளில் தம்பி காத்திருந்தான்.