தெளிவா ஒரு படம்

"மறுபடியும் குப்புறப் படுத்துட்டீங்களா?"

கையில் கரண்டியோடு வந்து நின்றாள் அவள். மகளின் கட்டிலில் நெஞ்சு பதியப் படுத்து, பக்கெட்டுக்கு நேராக செல்போனைப் பிடித்திருந்த கணவன் திரும்பக்கூட இல்லை.

"பேசாதே. கை ஆடுது."

"நான் பேசினா உங்க கை எப்படிங்க ஆடும்?"

விஷயம் இதுதான். மழை பிடித்ததிலிருந்து படுக்கையறை சீலிங் ஒழுகுகிறது. அதுவும் எங்கே? சரியாக மகளின் கட்டிலுக்கு மேலே. பாவம் குட்டி, சமையலறையில் பாத்திர அலமாரிக்குக் கீழே சுருண்டு படுக்கிறாள். தும்மல் நின்றபாடில்லை.

வீட்டு ஓனர் ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். ஆனாலும், "நேர்ல வர எங்க தம்பி நேரம்? தெளிவா ஒரு படம் எடுத்து அனுப்புங்க, பார்த்துட்டு ஆளை அனுப்புறேன்" என்றுவிட்டார்.

நேரமே இல்லாதவர் என்றும் சொல்ல முடியாது. வாடகைக்கு இருக்கிற அத்தனை பேருக்கும், விடிந்ததும் பூப்படமும் பொன்மொழியுமாகக் காலை வணக்கம் வந்துவிடும். அதில் மட்டும் மனுஷர் ஒருநாள் தவறியதில்லை.

முதல் படம் போனது.

"இருட்டா இருக்கே தம்பி."

அடுத்தது போனது.

"ஆடிப் போயிருக்கு. ஒண்ணும் புரியலை."

அதற்கடுத்ததில் கணவனின் கட்டைவிரல்தான் தெளிவாக விழுந்திருந்தது.

"என்ன தம்பி, விரல்ல ஏதாவது காயமா?"

அன்றைக்குத்தான் அவனுக்கு ரோஷம் வந்தது. வீடியோ வீடியோவாகப் பார்த்தான். லென்ஸைத் துடைத்தான். ஜன்னல் திரையைக் கழற்றினான். பின்னால் கொடியில் தொங்கிய துணியை உருவி அவள் தோளிலேயே போட்டான். கை பழக வேண்டுமென்று டம்ளர், சீப்பு, துடைப்பம் என்று ஒன்று விடாமல் ஜன்னலோரம் நிறுத்தி எடுத்துத் தள்ளினான்.

"நம்ம துடைப்பத்துக்கு இவ்வளவு களையா! என்னை ஒருநாளாவது இப்படி எடுத்திருக்கீங்களா?"

"அது ஆடாம நிக்குதும்மா."

சுவரில் ஊறிய ஈரத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்து அனுப்பினான். பார்த்தால் மலையும் மேகமும் மாதிரி இருந்தது. "பிரமாதம்! இன்னும் கொஞ்சம் கிட்டப் போய் எடுங்களேன்" என்று பதில் வந்தது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அழகா எடுக்கச் சொல்லி யாருங்க அழுதா? அசிங்கமா எடுங்க! பார்த்ததும் அந்த ஆளுக்கு வயித்தைக் கலக்கணும்!"

"இரு, இரு. சொட்டு விழுறப்பவே பிடிச்சுக் காட்டுறேன். அப்புறம் எந்தச் சாக்கும் சொல்ல முடியாது."

அதற்குத்தான் இன்றைக்கு இந்தக் குப்புறப் படுக்கை.

சும்மா சொல்லக்கூடாது, பிடித்தும் விட்டான். உடைந்த காதைக் கம்பியால் கட்டிய நீல பக்கெட். அதற்கு மேலே, அந்தரத்தில், முத்துப்போல ஒரு சொட்டு. 'சார், குழந்தை படுக்கிற இடம்' என்று கீழே எழுதி அனுப்பினான்.

உடனே போன் அடித்தது. ஓனரேதான்!

"அடடா, என்ன படம் தம்பி! கண்ணுல ஒத்திக்கலாம். இது போதும், மத்ததை நான் பார்த்துக்கறேன். காலையில பாருங்க!"

அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "வாய்க்கு வந்தபடி பேசிட்டேங்க, மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள். வேலைக்கு லீவு சொன்னாள். கட்டிலை இழுத்து ஓரமாகப் போட்டாள். கொத்தனாருக்கு டீ போட்டுக் கொடுக்கப் பால்கூடக் கூடுதலாக வாங்கி வைத்தாள்.

"குட்டி, நாளைக்கு நீ உன் கட்டில்லயே படுத்துக்கலாம்டி!"

விடிந்தது. கொத்தனார் வரவில்லை. ஓனரின் காலை வணக்கம் வந்தது.

இன்றைக்கு அதில் பூ இல்லை.

"ஏய், நம்ம பக்கெட்டு!" என்று துள்ளினான் கணவன். "அந்தக் கம்பிகூட எவ்வளவு தெளிவா விழுந்திருக்கு பாரு..."

மேற்கொண்டு படித்தவன் போனை மெல்லக் கவிழ்த்தான். அவள் போனைப் பிடுங்கிப் பார்த்தாள். சொட்டுக்கு மேலே, தங்க நிற எழுத்தில் பளபளத்தது:

"அடுத்தவர் வாய்விட்டுக் கேட்குமுன்னே ஓடிப்போய் உதவுகிறவனே மனிதன். இனிய காலை வணக்கம்!"