பேப்பரில் சுற்றிய கேசட்

“தினசரிப் பேப்பர்ல சுத்தி, சட்டைக்குள்ள சொருகி, மேலப்பாளையம் ரசீத் வீடியோ கடைப் பின்வாசல் வழியா வெளிய வந்தீங்க. உண்டா, இல்லியா?”

மகேஸ்வரன் வாயிலிருந்த கேசரியை மெல்லாமலே விழுங்கினான். பெண் பார்க்க வந்த இடத்தில், “மாப்பிள்ளை, மாடியில காத்து நல்லா வரும், வாங்க” என்று தோளில் கை போட்டுக் கூட்டி வந்த மனிதர், மொட்டை மாடிக் கதவைச் சாத்திய கையோடு இப்படிக் கேட்பார் என்று அவன் எதிர்பார்க்கவே இல்லை.

பெண்ணின் அப்பா பெயர் பாபநாசம்; ரிட்டையர்டு தாசில்தார். ஆற்று மணல் திருடர்களை நிற்க வைத்து வாக்குமூலம் வாங்கிய குரல் இன்னும் அப்படியே இருந்தது.

“யாரு சொன்னா மாமா?”

“யாரும் சொல்ல வேண்டாம். என் கண்ணால பாத்தேன், போன செவ்வாக்கெழம. அந்தப் பின்சந்துக்குள்ள ஒழுங்கானவன் எவன் தம்பி நுழைவான்?”

தம்பி! படியேறும்போது மாப்பிள்ளையாக இருந்தவன், மாடிக்கு வந்ததும் தம்பியாகிவிட்டான்.

கீழே அம்மா யாருடனோ சிரித்துப் பேசும் சத்தம் கேட்டது. காபி கொடுத்த பெண் சித்ரலேகா, “சீனி பத்துமா?” என்று எல்லோர் முன்னாலும் நேராகப் பார்த்துக் கேட்டிருந்தாள். அந்தக் கேள்வியிலேயே மகேஸ்வரன் கல்யாண மண்டபம் வரை போய்விட்டிருந்தான்.

“அந்த மாதிரிப் படம் பாக்கவனுக்கு என் மவள நான் குடுக்க மாட்டேன்” என்றார் பாபநாசம். “ஜாதகம் பொருந்தலன்னு கீழ சொல்லிருதேன். உங்க அம்மைக்காகத்தான் இந்த மரியாதை.”

“ஐயோ, அது அந்த மாதிரிப் படம் இல்ல!”

“பொறவு?”

சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் நாக்கு எழவில்லை. அந்த மாதிரிப் படம் என்றே ஒத்துக்கொண்டால் ஆம்பிளையாகவாவது தலை குனியலாமே என்றுகூட ஒரு கணம் தோன்றியது. சித்ரலேகாவின் முகம் வந்து நின்றதும் பைய வாயைத் திறந்தான்.

“பொம்மைப் படம்.”

“என்னது?”

“கார்ட்டூன், மாமா. ஜப்பான்காரன் எடுத்தது, இங்கிலீஷ்ல பேசுதான். தொடர் கதை. ரசீதோட மச்சான் நூகு துபாய்ல இருந்து அனுப்புதான்.”

“சின்னப் பிள்ளைக பாக்கதா?”

“ஆமா.” காது மடல் இரண்டும் சுட்டன.

“அத எதுக்கு வே பேப்பர்ல சுத்தணும்?”

“அது வீடியோ கேமை வச்சு எடுத்த படம். நான் கணக்கு வாத்தியார். வண்ணார்பேட்டையில காசு போட்டு அந்த கேம் ஆடிக்கிட்டிருந்த பயலுவ காதைத் திருகி இழுத்துட்டு வந்து, பிரேயர்ல முட்டி போட வச்சவன் நான். இப்போ அதையே படமா, வீட்டுக் கதவைச் சாத்திக்கிட்டுப் பாக்கேன். ஒரு பய கண்ணுல பட்டாக்கூட, அப்புறம் நான் சாக்பீஸைத் தொட முடியுமா?”

பாபநாசம் மீசையைத் தடவினார். நம்பின மாதிரித் தெரியவில்லை.

“ரெண்டு பேரு மூஞ்சியில குத்திக்கிடுத விளையாட்டு. அதப் போயி தொடரா எடுத்திருக்கான். ஒரு வாத்தியார் ஒளிஞ்சு பாக்க அளவுக்கு அதுல என்ன கிடக்கு? தேறுமா அது?”

“மொத பாகம் சுத்த அறுவை” என்றான் மகேஸ்வரன். “வெறும் உறுமலும் குத்தும்தான். ஆனா, கேம்ல ஒருத்தனை அடிச்சுப் போட்டா அடுத்த ஆளு வந்து நிப்பான், அதோட சரி. படத்துல, தோத்தவன் வீட்டுக்குப் போறான் மாமா. பொஞ்சாதி ஒத்தடம் குடுக்கா. ‘அந்த மாமா ஏம்ப்பா உன்ன அடிச்சாரு?’ன்னு பொம்பளப் பிள்ளை கேக்கு. அவன் பதில் சொல்ல முடியாம சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிடுதான். அங்கன எனக்கு...”

வரைந்து வைத்த ஒரு பொம்மைக்காக, பெண் வீட்டு மாடியில் நின்று கண் கலங்குகிறோமே என்று வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. கைக்குட்டையைத் தேடினான். அதுவும் இல்லை.

“அழுதீங்களோ?”

“ம்.”

பாபநாசம் விறுவிறுவென்று கதவுப் பக்கம் நடந்தார். முடிந்தது கதை. கார்ட்டூன் பார்த்து அழுகிற மாப்பிள்ளை என்று இன்னும் கொஞ்ச நேரத்தில் ஊரே சிரிக்கும்.

“நீங்க சிரமப்பட வேண்டாம் மாமா. நானே அம்மையைக் கூட்டிக்கிட்டுக் கெளம்புதேன்.”

பாபநாசம் கதவைத் திறந்து, படிக்கட்டில் தலையை நீட்டி எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. மறுபடி சாத்தி, இந்தத் தடவை தாழ்ப்பாளும் போட்டார். திரும்பி வந்தவரின் முகம், வாக்குமூலம் கொடுக்க வந்தவன் முகம் மாதிரிச் சிவந்து கிடந்தது.

அவன் காதருகே குனிந்தார்.

“மாப்பிள்ளை, படத்துல அந்த ஒத்தக்கண்ணன் பொழச்சுக்கிடுவானா? இல்ல, சொல்லிராதீங்க... நான் அஞ்சாம் பாகத்துலதான் நிக்கேன்.”